தேதி வரும்வரை என்ன செய்வது?

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்ததும் நிறையப் பேர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். "ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் நடந்துக்கிடலாம்" என்று மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்க இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அத்தனை நாள் கட்டிலோடு கிடந்த கால், ஆபரேஷன் அன்றைக்கு எலும்பும் தோலுமாகத்தான் வந்து சேரும். டாக்டர் மூட்டை மாற்றுவார். அந்த மூட்டைத் தூக்கி நடத்துகிற தொடைத் தசையை மாற்றி வைக்க யாராலும் முடியாது.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வருகிறவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் வேலை. சில வருடங்களாக என் நேரத்தில் பாதி, இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்களோடு போகிறது. யாரும் சொல்லி வந்ததில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. எலும்பு ஓ.பி. நடக்கிற நாளில் தேதி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களை அப்படியே எங்கள் அறைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று கோபப்படுகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன். எலும்புப் பிரிவுக்குத் தியேட்டர் கிடைக்கிற நாட்கள் கொஞ்சம்தான். ராத்திரி பைபாஸில் பைக் மோதித் தொடை எலும்பு முறிந்து ஒரு பையன் வந்தால், மறுநாள் பட்டியலில் இருக்கிற மூட்டுத் தேய்மானக்காரர் பின்னால் போகத்தான் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதென்றால் காகிதங்கள் போய் அப்ரூவல் வர வேண்டும். அப்புறம் மயக்க டாக்டர் ஃபிட்னஸ் கொடுக்க வேண்டும். தியேட்டரும் விபத்தும் அப்ரூவலும் நோயாளி கையில் இல்லை. ஃபிட்னஸ் மட்டும் பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது. தேதி கொடுக்கும்போது அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பெட்டி படுக்கையோடு வந்து அட்மிஷன் ஆன பிறகு, சுகர் 280, ரத்தம் 8 என்று ரிப்போர்ட் வந்து, வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்போதுதான் சொல்கிறோம். கூட இருப்பதற்காக லீவு போட்டு வந்த மகனுடைய சம்பளமும் போயிற்று, தேதியும் போயிற்று. மறுபடியும் வரிசையின் கடைசி.

ஆலங்குளம் பக்கத்து ஆச்சி ஒருவரைப் பற்றிச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும். சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, மடியில் சொளவை, அதாவது முறத்தை வைத்து, இலை, தூள், நூல் என்று ஆரம்பித்தால் சாயங்காலம் கடையில் கொண்டுபோய்ப் போடும்வரை லேசில் எழுந்திருக்க மாட்டார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எழுந்தால் எண்ணிக்கை குறையும். எங்கள் ஊர்ப் பெண்களின் மூட்டு இப்படி ஏன் ஆகிறது என்று கேட்பவர்கள், ஒரு மதியம் அந்தத் திண்ணைகளில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

"எம்மா, தேதி வாரதுக்குள்ள இந்தக் காலே என்ன விட்டுப் போயிரும் போலுக்கு" என்றார் முதல் நாள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கமான பரிசோதனை. ஆச்சியால் ஒரு முறைகூட முடியவில்லை. வலியால் அல்ல, தொடையில் வலு இல்லை. வலிக்கிறது என்று அசைக்காமல் இருந்ததில் தசை கரைந்து போயிருந்தது.

இந்தத் தசைதான் எல்லாம். மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் தொடை முன்பக்கத் தசையின் வலு பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தத் தசை எவ்வளவு வலுவாக இருந்ததோ, அதைப் பொறுத்துத்தான் ஒரு வருடம் கழித்து நடப்பதும் படி ஏறுவதும் அமைகிறது என்று 2005-லேயே எழுதியிருக்கிறார்கள். கையில் நூறு ரூபாய் இருந்தால் பாதி செலவானாலும் ஐம்பது மிஞ்சும். இருபதோடு வந்தால் என்ன மிஞ்சும்?

ஆச்சிக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கட்டிலோடு சேர்த்து அழுத்த வேண்டும். தொடை முன்பக்கம் கல் மாதிரி இறுகுவது கையை வைத்துப் பார்த்தால் தெரியும். ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. எண்ணுவதற்கு ஆச்சிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்புறம், முழங்காலை மடக்காமல் காலை ஒரு ஜாண் உயரம் தூக்கி இறக்குவது. உயரமான நாற்காலியில் முதலில் கையை ஊன்றி எழுவது, பழகப் பழகக் கையை விட்டு எழுவது. வலி கொஞ்சம் கூடினாலும் ராத்திரிக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம், மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இந்த ஒரு விதியை மட்டும் மருமகளுக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன்.

அதைவிட முக்கியமான பேச்சு வேலையைப் பற்றியது. புது மூட்டோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுப்போம். பீடி சுற்றுகிற பெண்ணுக்கு அந்த ஒரு வரியில் பிழைப்பு போகிறது. அதை டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொல்வதில் என்ன நியாயம்? தேதி வாங்கிய அன்றே சொன்னேன். ஆச்சி முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாற்காலில இருந்து சுத்துனா கை ஓடாதே" என்றார். ஓடும், பழக வேண்டும், பழகத்தான் இத்தனை மாதம் இருக்கிறது என்றேன். கால் தரையில் பதியும்படி ஒரு நாற்காலி, மடியில் சொளவு சரியாமல் இருக்க அடியில் ஒரு பலகை, இலையையும் தூளையும் குனியாமல் எடுக்கப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மருமகள்தான் யோசித்து யோசித்து இதையெல்லாம் அமைத்தார். இலை வெட்டுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் கணக்கு நன்றாகவே குறைந்தது. ஆபரேஷனுக்கு வந்தபோது பழைய எண்ணிக்கையை முழுதாக எட்டவில்லை என்றாலும், நாற்காலியில் வேலை செய்ய முடியும் என்ற நம்பிக்கையோடு வந்தார். ஆபரேஷனுக்கு மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றபோது தசை எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வலியில் கண்ணீர் வந்தது, ஆனால் கால் நடுங்கவில்லை.

சரி, சுகருக்கு வருகிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். அட்மிஷனுக்கு இரண்டு நாள் முன்னால் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, வெறும் வயிற்று சுகரை 130-க்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆனால் மயக்க டாக்டர் மூன்று மாத சுகரையும் பார்ப்பார். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டு நாள் பட்டினியால் அதை மாற்ற முடியாது. எங்கள் மயக்க டாக்டர் அது 8-க்குள் இருக்க வேண்டும் என்பார். சுகர் கட்டுப்படாமல் உள்ளே வைத்த செயற்கை மூட்டில் கிருமி பிடித்தால் அதைக் கழற்றி எடுக்கிற நிலைமைகூட வரும். அவர் மறுப்பது பிடிவாதத்தால் அல்ல. சுகரைச் சரிசெய்யத் தேவைப்படுகிற காலமும் தேதி வர ஆகிற காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது. தேதி வாங்கிய வாரமே சுகர் ஓ.பி.க்குப் போனால் போதும்.

ரத்தக் குறைவும் அப்படித்தான். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்களிடம் வருகிறவர்களில் 9, 10 என்று இருப்பவர்கள் சர்வசாதாரணம். அட்மிஷனுக்குப் பிறகு தெரிந்தால் ரத்தம் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. மாதக்கணக்கில் நேரம் இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையே போதுமானதாக இருக்கலாம், அது கேட்காதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து இருக்கிறது. ஏன் குறைந்தது என்று பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. மூலம், வயிற்றுப்புண், கர்ப்பப்பைக் கட்டி என்று எத்தனையோ இதன் மூலம் வெளியே வந்திருக்கின்றன. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம், பயப்பட வேண்டாம். டீயோடு மட்டும் போடாதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சம்பழச் சாற்றோடு போடலாம்.

இப்போது மூச்சு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். பத்தில் எட்டுப் பேர் அதை ஊதுகிறார்கள். பலூன் மாதிரி ஊதிவிட்டு, "பந்து ஏறவே மாட்டேங்குது" என்பார்கள். அது ஊதுகிற கருவி இல்லை. குழாயை உதட்டால் இறுகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். இழுத்தால் முதல் பந்து எழும், இன்னும் இழுத்தால் இரண்டாவது. மூன்றையும் ஒரே வெட்டில் துள்ள வைப்பதில் பயனில்லை. எழுந்த பந்து இரண்டு மூன்று விநாடி மேலேயே நிற்க வேண்டும், அப்போதுதான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். வயிற்றில் தையலோடு, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருக்கிற ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். வலியில் அவர் மூச்சையே பாதிதான் விடுவார். சளி உள்ளே தேங்கும், காய்ச்சல் வரும், நிமோனியா ஆகும்.

இதே விஷயத்தை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் ஆராய்ந்து பார்த்தார். பெயர் இயான்தி போடன், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்தவர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக மூன்று மருத்துவமனைகளில், மேல் வயிற்றில் பெரிய ஆபரேஷனுக்குக் காத்திருந்த நானூற்றுச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு சின்னப் புத்தகம் மட்டும். மறுபாதிக்கு அதோடு சேர்த்து ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து பேசினார். மயக்க மருந்துக்குப் பிறகு நுரையீரலில் என்ன நடக்கும், கண் விழித்ததிலிருந்து மணிக்கு மணி எப்படி ஆழமாக மூச்சிழுக்க வேண்டும் என்று செய்துகாட்டி, செய்யவும் வைத்தார். அவ்வளவுதான். நுரையீரல் சிக்கல் வந்தவர்கள் புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் நூற்றுக்கு 27, பேச்சும் கேட்டவர்களில் 12. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அரை மணி நேரப் பேச்சு! இதற்கு இயந்திரம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். பித்தப்பைக்கும் இரைப்பைக்கும் தேதி வாங்கியவர்களையும் என்னிடம் அனுப்புங்கள் என்று எங்கள் சர்ஜரி வார்டு சிஸ்டர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமப் பழகுவதையும் அப்போதே சொல்லித் தருகிறேன். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் இருமாமல் அடக்குகிறார்கள். அணைத்துப் பிடித்தால் வலி பாதி குறையும், தையலுக்கும் ஒன்றும் ஆகாது.

மூச்சைப் பற்றிப் பேசிவிட்டுப் புகையிலையைப் பேசாமல் இருக்க முடியாது. ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்னால் நிறுத்தினாலே மயக்க மருந்தாலும் புண் ஆறுவதிலும் வருகிற சிக்கல்கள் குறைகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. அதற்கு மேல் புகைக்காமல் இருக்கிற ஒவ்வொரு வாரத்துக்கும் பலன் இன்னும் கூடுகிறது. வாழ்நாள் முழுக்க விடுங்கள் என்றால் எங்கள் தாத்தாக்கள் சிரிப்பார்கள். "தையல் ஆறுகிறவரை" என்றால் யோசிக்கிறார்கள், சிலர் விட்டும்விடுகிறார்கள். வாயில் ஒதுக்கி வைக்கிற புகையிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்காது, மயக்க டாக்டர் மூச்சுக்குழாய் போடத் திணறுவார். ஆடுகிற பல் இருந்தாலும் இப்போதே காட்டிவிடுவது நல்லது. தினமும் குடிக்கிறவர் என்றால் அதையும் வீட்டார் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அட்மிஷனில் திடீரென்று நின்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, மனம் குழம்பி, ஊசிக் குழாயைப் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.

மாத்திரைகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளைப் பொதுவாக ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் வயிறாக இருக்கும்போது அவை உடம்பில் இருந்தால், சுகர் அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். ரத்தத்தை இளக்கும் மாத்திரைக்கும் இப்படி நாள் கணக்கு உண்டு. சித்த மருந்து, லேகியம், நாட்டு மருந்து எதுவானாலும் கேட்டால் மறைக்காதீர்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆபரேஷன் என்றதும் கஞ்சிக்கு மாறிவிடுகிறார்கள். தசை வளரப் புரதம் வேண்டும். தினம் முட்டை, கடலைச் சுண்டல், பாசிப்பயறு, மீன் கிடைக்கிற ஊர்க்காரர்கள் மீன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தயார் செய்வதை யாரும் ஒரு சிகிச்சையாக நினைப்பதில்லை. கீழே உட்காருகிற கழிப்பறைதான் பாதி வீடுகளில். புது மூட்டோடு அதில் உட்கார முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியோ, கழிப்பறைக்கு மேலே வைக்கிற ஸ்டூலோ கடைகளில் கிடைக்கிறது. சுவரில் ஒரு கம்பி அடித்தால் பிடித்து எழலாம். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருந்தால் போகிற வழியில் ஒரு பல்பு போடுங்கள். கட்டில் இல்லாதவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கலாம். இதையெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் வந்து இறங்கிய பிறகு தேடினால், அந்த மூன்று நாளில் ஆச்சி தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார், கழிப்பறைக்குப் போகப் பயந்து.

பயம் என்று வந்ததால் சொல்கிறேன். தேதி தள்ளிப் போகப் போக உடம்பைவிட மனதுதான் முதலில் தளர்கிறது. நம் பெயர் பட்டியலில் இருக்கிறதா, மறந்துவிட்டார்களா என்ற சந்தேகமே ஆளைத் தின்றுவிடும். நான் செய்வதெல்லாம் மாதம் ஒரு தடவை போன் செய்து, துண்டை வைத்து அழுத்துகிறீர்களா, நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறீர்கள் என்று கேட்பது. "மறக்காம கேக்கியளே" என்பார்கள். எல்லாருக்கும் என்னால் போன் செய்ய முடிவதில்லை. ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போய் பிரஷர் பார்க்கிறார்கள், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள், பிசியோதெரபியும் செய்கிறார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலை எலும்புப் பிரிவிலிருந்து அவர்களுக்கு அனுப்பினால் போதும், பாதி வேலை ஊரிலேயே முடிந்துவிடும். ஆளும் இருக்கிறார்கள், திட்டமும் இருக்கிறது, நடுவில் ஒரு காகிதம்தான் போக வேண்டியிருக்கிறது. கூட்டம் நடக்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், கேட்பதை விடப் போவதும் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது தேதிக்குக் காத்திருந்தால், அட்மிஷன் வரை பொறுக்காமல் இந்த வாரமே ஓ.பி.க்குப் போய், மயக்க மருந்துக்கு என்னென்ன பரிசோதனை கேட்பார்கள் என்று கேட்டு எடுத்துவிடுங்கள். பிசியோதெரபி எந்த அறை என்றும் கேளுங்கள், சீட்டு இல்லாமல் வந்தாலும் சொல்லித் தருவோம். வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை, காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அட்டையைப் பார்த்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.